பழைய மைக்ரோமீட்டரை எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "வீட்டில் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று வைத்திருக்கிறேன். பழைய மைக்ரோமீட்டர், வெர்னியர் காலிப்பர், டயல் கேஜ் எல்லாம் செகண்ட் ஹேண்டில் நிறையக் கண்ணில் படுகின்றன. ஐம்பது வருஷப் பழைய கருவியை நம்பி அளக்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது? இவற்றை ஆசையாகச் சேர்ப்பவர்கள் இவற்றில் என்ன காண்கிறார்கள்?"

நம்பலாம். ஆனால் விற்பவர் சொல்கிறார் என்றோ, கருவியில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கிறது என்றோ நம்பக் கூடாது. நீங்களே சோதித்துப் பார்த்து நம்ப வேண்டும். அது நினைப்பதைவிடச் சுலபம், ஏனென்றால் இந்தக் கருவிகளில் மறைந்திருப்பது மிகக் கொஞ்சம். பொருளை இரண்டு முகங்களுக்கு நடுவில் வைத்து, திருகைச் சுற்றி அளக்கும் கருவிதான் மைக்ரோமீட்டர். அதன் துல்லியம் முழுவதும் அதன் திருகின் மரையிலும், பொருளைத் தொடும் இரண்டு முகங்களிலும், அவற்றைத் தாங்கும் வளைந்த சட்டத்திலும்தான் இருக்கிறது. இவை நன்றாக இருந்தால் கருவிக்கு எத்தனை வயதானாலும் கவலையில்லை. இவற்றில் ஒன்று போயிருந்தால் பாலிஷ் போட்டு மினுக்கி வைத்திருந்தாலும் பயனில்லை.

அதனால் என் முதல் யோசனை கொஞ்சம் வித்தியாசமாகத் தோன்றலாம்: மைக்ரோமீட்டர் வாங்குவதற்கு முன்னால் ஸ்லிப் கேஜ் வாங்குங்கள். முழு செட் தேவையில்லை, நல்ல நிலையில் உள்ள சில கட்டைகள் போதும். சோதிக்க ஓர் ஆதாரம் கையில் இல்லாவிட்டால், எத்தனை பழைய கருவிகளைச் சேர்த்தாலும் எது உண்மை சொல்கிறது என்று தெரியாமலே இருப்பீர்கள்.

ஸ்லிப் கேஜ் என்பது கடினப்படுத்திய எஃகுக் கட்டை. அதன் எதிரெதிரான இரண்டு முகங்களுக்கு இடையிலான தூரம் மைக்ரானின் சிறு பகுதி அளவுக்குத் துல்லியமாக இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா நகரத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யொஹான்சன் 1896-ல் உருவாக்கிய யோசனை இது. ஜெர்மனியின் மவுசர் தொழிற்சாலையில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகச் செய்து வைத்திருந்த கட்டைகளை அவர் பார்த்திருந்தார். அளவுகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் சில கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியே வேண்டிய நீளத்தைப் பெறலாமே என்று அவருக்குத் தோன்றியது. 102 கட்டைகளை வைத்து 20,000 வெவ்வேறு அளவுகளைச் சேர்த்துக்காட்டும் செட் அப்படிப் பிறந்தது. வீட்டில் மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்து அதில் அந்தக் கட்டைகளை லேப்பிங் (நுண்ணிய தூளால் தேய்த்து மெருகேற்றுவது) செய்தார் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

இரண்டு சுத்தமான கட்டைகளை முகத்தோடு முகம் வைத்துத் தேய்த்துத் திருப்பினால் ஒட்டிக்கொள்ளும். இதை ரிங்கிங் என்பார்கள். பழைய செட்டை வாங்கும்போது இதுதான் முதல் சோதனை. ஒட்டாத கட்டையில் பிசிறோ கீறலோ துருக்குழியோ இருக்கிறது. அடுத்து, பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் கட்டைகளில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பல செட்டுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். 1 மி.மீ., 2 மி.மீ. போன்ற அடிக்கடி எடுக்கப்படும் கட்டைகள் முதலில் தேயும். பெட்டி திறந்ததும் அவற்றை எடுத்துப் பாருங்கள். மற்றவை அவற்றைவிட நல்ல நிலையில்தான் இருக்கும்.

மைக்ரோமீட்டரைச் சோதிக்கக் கிடைக்கும் கட்டைகளின் வரிசை ஒன்று உண்டு: 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25 மி.மீ. ஏன் இப்படி விநோதமான எண்கள் என்று பலர் யோசிப்பதில்லை. சாதாரண மெட்ரிக் மைக்ரோமீட்டரில் திம்பிளை, அதாவது கையால் சுற்றும் குழாயை, ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பிண்டில் என்ற நகரும் தண்டு அரை மில்லிமீட்டர் நகரும். 5, 10, 15, 20 என்று முழு எண்களில் மட்டும் சோதித்தால் திம்பிள் எப்போதும் பூஜ்யக் கோட்டிலேயே நிற்கும். ஒரு சுற்றுக்குள்ளேயே மரை ஓரிடத்தில் முந்தியும் ஓரிடத்தில் பிந்தியும் போனால் அது தெரியவே தெரியாது. 5.1-ல் திம்பிள் ஐந்தில் ஒரு சுற்றுத் தள்ளி நிற்கும், 7.7-ல் இன்னும் ஐந்தில் ஒரு சுற்றுத் தள்ளி. இப்படி மரையின் நீளம் முழுவதும், சுற்றின் பல கோணங்களிலும் ஒரே வரிசையில் சோதித்துவிடலாம். இதை யோசித்து அமைத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் புதிதாக வரும்போது பொதுவாக 2 முதல் 4 மைக்ரானுக்குள் பிழை இருக்கும். பழையது இந்த வரிசை முழுவதிலும் 4 மைக்ரானுக்குள் நின்றால் யோசிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அளவிலும் ஒரே மாதிரி 10 மைக்ரான் கூடக் காட்டினாலும் பயப்பட வேண்டாம். அது வெறும் ஜீரோ எரர். கருவியோடு வரும் சின்னச் சாவியால் ஸ்லீவை (திம்பிளுக்கு உள்ளே இருக்கும், கோடுகள் போட்ட குழாய்) திருப்பிச் சரிசெய்துவிடலாம். ஒரு பகுதியில் சரியாகவும் இன்னொரு பகுதியில் தப்பாகவும் காட்டினால்தான் மரை தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வழியில்லை.

கட்டைகள் கையில் இல்லாமல், விற்பவர் முன்னால் நின்றுகொண்டே செய்யக்கூடிய சோதனைகளும் இருக்கின்றன. திம்பிளை முழு நீளத்துக்கும் மெதுவாகச் சுற்றுங்கள். எல்லா இடத்திலும் ஒரே இழுவையாக, எண்ணெய் பூசினாற்போல் போக வேண்டும். பொதுவாக முதல் சில மில்லிமீட்டரில்தான் அதிகம் பயன்பட்டிருக்கும், அங்கே மட்டும் தளர்வாக இருந்தால் தேய்மானம். நடுவில் எங்காவது இறுகினால் ஸ்பிண்டில் வளைந்திருக்கலாம், அல்லது மரையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். அழுக்கென்றால் கழுவினால் போகும். ஸ்பிண்டிலை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து ஆட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இந்த பேக்லாஷைக் குறைக்க உள்ளே பிளவுபட்ட ஒரு நட் இருக்கும், அதைச் சற்று இறுக்கினால் போதும். பூட்டும் நெம்பைப் போட்டுப் பாருங்கள். பூட்டும்போது அளவு நகர்ந்தால் அங்கே கோளாறு.

பிறகு முகங்கள். மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒளிக்கீற்று தெரிந்தால் முகங்கள் இணையாக இல்லை, கருவி கீழே விழுந்து சட்டம் வளைந்திருக்கக்கூடும். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளை ஒட்டிய முகங்களில் ஓரம் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் ஆப்டிகல் ஃபிளாட் என்ற கண்ணாடி வட்டை ஒன்று வாங்கலாம். அதை முகத்தின் மேல் வைத்து ஒற்றை நிற ஒளியில் பார்த்தால் கோடு கோடாகப் பட்டைகள் தெரியும். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள உயர வேறுபாடு ஒளியின் அலைநீளத்தில் பாதி, ஏறக்குறைய 0.3 மைக்ரான். பட்டைகள் நேராக இருந்தால் முகம் தட்டை. வளைந்தால் எவ்வளவு வளைவு என்று அங்கேயே எண்ணிவிடலாம். ஒரு பழைய மைக்ரோமீட்டரின் முகத்தில் முதன்முதலாக அந்தப் பட்டைகளைப் பார்ப்பவர்கள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

வெர்னியர் காலிப்பரைப் பற்றி இவ்வளவு சொல்லத் தேவையில்லை. தாடைகளை மூடி வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு சில மைக்ரான் இடைவெளி இருந்தாலும் கண்ணுக்கு ஒளி தெரிந்துவிடும். ஒரே கட்டையைத் தாடையின் அடியிலும் நுனியிலும் வைத்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் தாடை தேய்ந்திருக்கிறது அல்லது நகரும் பகுதி தளர்ந்திருக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு முக்கியமான காரணம் உண்டு. ஜெர்மனியில் யேனா நகரில் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் அபே 1890-ல் சொன்ன விதி அது: அளக்கும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் திருகும் பொருளும் ஒரே கோட்டில் இருக்கின்றன. காலிப்பரில் அளவுகோல் ஒரு பக்கம், பொருள் இன்னொரு பக்கம். தாடை இம்மியளவு சாய்ந்தாலும் பிழை பெருகும். அதனால்தான் காலிப்பரில் அளக்கும்போது பொருளை முடிந்தவரை தண்டுக்கு அருகில் பிடிக்கச் சொல்கிறார்கள். காலிப்பரிடம் 0.05 மி.மீ.-க்குக் கீழே ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். அதற்கு மேல் துல்லியம் வேண்டியிருந்தால் மைக்ரோமீட்டரை எடுங்கள்.

டயல் காலிப்பர் வாங்கினால், வேகமாக முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு மூடிப் பாருங்கள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் வேறெங்கோ நின்றால் பல்லில் உலோகத் துகள் மாட்டியிருக்கிறது. பல நேரங்களில் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும், இதைச் சாக்காக வைத்து விலையையும் பேசலாம்.

டயல் கேஜில் (தண்டின் அசைவை வட்ட முகப்பில் முள்ளால் காட்டும் கருவி) பெரும்பாலும் ஒரே நோய்தான்: காய்ந்துபோன எண்ணெய். யாரோ நல்லது செய்வதாக நினைத்துத் தண்டில் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது தூசியைப் பிடித்துப் பசையாகி, முள் இறங்கத் தயங்கும். தண்டை மெதுவாகத் தூக்கி விடுங்கள், முள் எப்போதும் அதே இடத்துக்கு வர வேண்டும். தண்டைப் பக்கவாட்டில் லேசாக அழுத்திக்கொண்டும் இதையே செய்யுங்கள். டயல் கேஜின் தண்டை உலர்வாகத்தான் வைத்திருக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் செய்த நெம்புகோல் வகைச் சின்ன கேஜ்கள் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அவற்றின் முனை நெம்பு அளக்கும் திசைக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

துல்லிய நீர்மட்டம் வாங்குவதென்றால் சோதனைக்கு எந்த ஆதாரமும் தேவையில்லை. ஒரு பரப்பில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கருவியை இட முனை வலப்பக்கம் வரும்படி அரைச் சுற்றுத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் பாதி கருவியின் பிழை, அளவிலிருந்து அதை நீக்கினால் கிடைப்பது பரப்பின் சாய்வு. எவ்வளவு எளிய, எவ்வளவு முழுமையான சோதனை!

சரி, எந்தப் பெயர்களைத் தேடுவது? அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரத்தின் பிரவுன் அண்டு ஷார்ப், ஆதோல் ஊரில் 1880-ல் தொடங்கிய ஸ்டாரெட், இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் மூர் அண்டு ரைட், ஜெர்மனியின் மார், ஸ்விட்சர்லாந்தின் டெஸா, எடலான், ஜப்பானில் 1934-ல் தொடங்கிய மிட்டுடோயோ. இவை எல்லாமே நல்ல பெயர்கள். ஆனால் தேய்ந்த டெஸாவைவிடப் பெட்டியிலிருந்து எடுக்கப்படாத ஒரு சாதாரணக் கம்பெனிக் கருவி மேல். மிட்டுடோயோ பெயரில் போலி டிஜிட்டல் காலிப்பர்கள் நிறைய உலவுகின்றன. பழைய மெக்கானிக்கல் கருவிகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. அந்தக் கோடுகளையும் எழுத்துகளையும் அந்தத் தரத்தில் பொறித்துப் போலி செய்வது கட்டுப்படியாகாது. பழைய டிஜிட்டல் கருவிகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் சர்க்யூட் போனால் உதிரிப் பாகம் கிடைக்காது.

தேடும் இடங்கள் என்று பார்த்தால், மூடப்படும் தொழிற்சாலைகளின் ஏலம், பழைய இரும்புக் கடை, இணைய ஏலம் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும்விட நல்ல இடம், தொழிற்சாலையில் கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் பெட்டிகள். வாழ்நாள் முழுக்கத் தன் கருவியைத் தானே பார்த்துக்கொண்டவரிடமிருந்து வருவது பெரும்பாலும் நன்றாக இருக்கும். அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பேசுங்கள், கருவியோடு சேர்த்து அதைப் பயன்படுத்தும் விதத்தையும் கற்றுக்கொள்வீர்கள். தொழிற்சாலைக் கருவியில் 'நிராகரிக்கப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை காலிப்ரேஷன் (கருவி சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனை) செய்யும் செலவு புதிய கருவியின் விலைக்கு அருகில் வரும்போது, நல்ல கருவிகளையும் கழித்துக் கட்டுவது வழக்கம். பழைய காலிப்ரேஷன் ஸ்டிக்கர்கள் அடுக்கடுக்காக இருந்தால் அது கருவியின் மருத்துவச் சீட்டு மாதிரி, கவனமாகப் படியுங்கள்.

இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்க நேர்ந்தால் மூன்று படங்கள் கேளுங்கள்: மூடிய நிலையில் பூஜ்யக் கோடு, இரண்டு முகங்களும் அருகிலிருந்து, முழுவதும் திறந்த நிலையில் ஸ்பிண்டில். ஸ்பிண்டிலில் துருக்குழி இருந்தால் மரையிலும் இருக்க வாய்ப்பு அதிகம். அதை விட்டுவிடுங்கள். சட்டத்தின் மேல் பெயிண்ட் உரிந்திருப்பதோ, நிறம் மங்கியிருப்பதோ ஒரு குறையே இல்லை.

வாங்கியதும் சுத்தம் செய்ய ஆரம்பிப்போம், அங்கேதான் நிறையக் கருவிகள் பாழாகின்றன. திம்பிளைச் சுற்றி ஸ்பிண்டிலை முழுவதும் வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் மென்மையான பிரஷ்ஷால் மரையைக் கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெயை ஒரு துளி விட்டால் போதும். கோடுகள் உள்ள பகுதியில் எமரித் தாள், கம்பி பிரஷ், உலோக பாலிஷ் எதுவும் படக் கூடாது. அந்த மங்கலான குரோம் பூச்சு கண் கூசாமல் கோட்டைப் படிக்கவென்றே போடப்பட்டது. அமிலத்தில் ஊறப்போட்டால் துருவோடு கோடுகளும் மங்கும். முகங்களைச் சுத்தம் செய்ய, சுத்தமான ஒரு தாளை நடுவில் வைத்து லேசாக மூடி இழுத்தெடுங்கள், தூசி தாளோடு வந்துவிடும். இதை ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்னாலும் செய்யலாம்.

அப்புறம் உங்கள் மூன்றாவது கேள்வி, சேர்ப்பவர்கள் இவற்றில் என்ன காண்கிறார்கள் என்பது. 1848-ல் பிரான்ஸில் ழான் லோரான் பால்மர் காப்புரிமை பெற்ற சின்னக் கருவியையும் இன்று கடையில் கிடைக்கும் மைக்ரோமீட்டரையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் ஒற்றுமை தெரியும். வளைந்த சட்டம், திருகு, அதன் மேல் சுற்றும் குழாய். 1867-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த பிரவுனும் ஷார்ப்பும் அடுத்த வருஷமே தங்கள் நாட்டில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் முன்னால், லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி தன் பட்டறை மேசையில் ஒரு மைக்ரோமீட்டர் வைத்திருந்தார். அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் அதற்கு 'லார்ட் சான்ஸலர்' என்று பெயர் வைத்திருந்தார், அளவு பற்றிய எந்தச் சண்டைக்கும் அதுதான் கடைசித் தீர்ப்பு என்பதால். ஒரு நல்ல யோசனை இருநூறு வருஷமாக உருமாறாமல் கைக்கு வருவது அபூர்வம்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது மைக்ரோகேட்டர், மிக நுண்ணிய வித்தியாசத்தை முள்ளால் காட்டும் கருவி. யொஹான்சன் நிறுவனத்தில் ஹ்யூகோ ஆப்ராம்சன் உருவாக்கியது. உள்ளே பல்சக்கரமே கிடையாது. மெல்லிய உலோக நாடா ஒன்றை, நடுவிலிருந்து ஒரு பாதியை வலமாகவும் மறுபாதியை இடமாகவும் முறுக்கி, நடுவில் முள்ளை ஒட்டியிருப்பார்கள். நாடாவை இம்மியளவு இழுத்தால் முறுக்கு பிரிந்து முள் சுழலும். உரசுவதற்கு எதுவும் இல்லாததால் தேய்வதற்கும் எதுவும் இல்லை. அது கிடைத்தால் முள் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மயிரிழைபோல மெல்லியது.

பழைய கருவிகளில் முன்பு வைத்திருந்தவர் தன் பெயரையோ எழுத்தையோ பொறித்திருப்பார். சிலர் அதைத் தேய்த்து அழிக்கிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்தக் கருவியால் பிழைத்த ஒருவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே தகவல் அதுவாக இருக்கலாம்.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். அங்குலக் கருவிகள் பல இடங்களில் மலிவாகக் கிடைக்கும். வரைபடங்களெல்லாம் மில்லிமீட்டரில் இருப்பவர் அவற்றை அழகுக்கு வேண்டுமானால் வாங்கலாம், வேலைக்கு வேண்டாம். ஒவ்வொரு அளவையும் 25.4-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தால் ஒரு நாள் தப்பு நடக்கும். விற்பதற்கோ விமானம், மருத்துவம் போன்ற துறைகளுக்கோ பாகம் செய்பவராக இருந்தால், மேலே சொன்ன சோதனைகள் போதாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் வேண்டும்.

நீளத்தை அளக்கும் உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். 100 மி.மீ. துண்டு 10 டிகிரி சூடானால் 11 மைக்ரானுக்கு மேல் கூடிவிடும். லேத்திலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்துவிட்டுப் பழைய மைக்ரோமீட்டரைக் குறை சொல்லாதீர்கள். பொருளும் கருவியும் கட்டையும் ஒரே மேசையில் ஓரிரு மணி நேரம் கிடந்த பிறகு சோதியுங்கள், சட்டத்தை உள்ளங்கையில் நெடுநேரம் பிடிக்காதீர்கள். ஸ்லிப் கேஜை வெறும் கையால் தொட்டால் வியர்வைத் தடத்திலேயே துரு பிடிக்கும், துடைத்து மெல்லிய கிரீஸ் தடவித்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஒட்டிய கட்டைகளை அப்படியே நாள்கணக்கில் விட்டால் பிரிக்கவே வராமல் போகலாம், வேலை முடிந்ததும் பிரித்துவிடுங்கள். மைக்ரோமீட்டரை எடுத்து வைக்கும்போது முழுவதும் மூடாமல் ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு, பூட்டைத் தளர்த்தி வையுங்கள்.